சட்டிக்கரட்டு டப்பா

சோலையப்பன் இந்தக் கதையை ஏழு வருடங்களாக நம்பவில்லை. நம்பவில்லை என்று யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. அவருடைய மருமகள் செல்லக்கிளி இதை முதலில் போலீஸ்காரர்களிடம் சொன்னாள், பிறகு பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்களிடம் சொன்னாள், பிறகு கேட்டவர்களிடமெல்லாம், கரண்டு மீட்டர் பார்க்க வந்த ஆளிடம்கூடச் சொன்னாள். சொல்லும் ஒவ்வொரு முறையும் சோலையப்பன் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, ஏதோ கைவேலையாக இருப்பதுபோல் குனிந்துகொண்டு, போன முறை சொன்னதிலிருந்து ஒரு சொல்லாவது இடம் மாறுகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருப்பார். சர்வே ஆபீசில் நிலம் அளக்கும் செயின் பிடித்தே முப்பது வருடம் ஓட்டியவர் அவர். பொய்யாகச் சொன்ன எல்லை, மறுபடி கேட்டால் ஒரு சாணாவது நகரும் என்பது அவர் கண்ணால் கண்டது. செல்லக்கிளியின் கதை நகரவே இல்லை. மனப்பாடம் செய்ததும்தான் நகராது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். 

செங்குளத்துப்பட்டிக்கு மேற்கே இருக்கிறது சட்டிக்கரடு. கவிழ்த்துப்போட்ட மண்சட்டி மாதிரி ஒரே பாறை. அடிவாரத்தில் கிளுவையும் கள்ளியும், அதற்கு மேல் புல்கூட முளைக்காத மொட்டைச் சரிவு, அந்தச் சரிவும் முடிகிற இடத்தில் பாறையின் இடுப்பைச் சுற்றி ஓர் ஆள் பக்கவாட்டில் நகரும் அகலத்துக்கு ஒரு விளிம்பு. விளிம்புக்குக் கீழே நூற்றுப்பத்து அடிக்கு ஒன்றுமில்லை. விளிம்பில் இருபது அடி நகர்ந்தால் பாறையில் ஓர் இடுக்கு வரும். அந்த இடுக்கில்தான் பெங்களூரிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்த இரண்டு பேர், ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் ஒரு பச்சை நிற இரும்பு டப்பாவை வைத்துவிட்டுப் போனார்கள்.

அது ஒரு விளையாட்டு. ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவர் எங்காவது கல்லிலும் முள்ளிலும் கொண்டுபோய் ஒரு டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிடுவார். முன்பின் தெரியாத மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு அந்த எண்ணைத் தேடி வருவார்கள். கண்டுபிடித்தவர் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். டப்பாவுக்குள் சின்னச் சின்னப் பொருள்கள் கிடக்கும், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்; எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும். டப்பாவை மட்டும் யாரும் இடம் மாற்றக் கூடாது. மாற்றினால், பின்னால் வருகிறவர்கள் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

சோலையப்பனின் மகன் தவமணி இந்த விளையாட்டில் விழுந்தது கல்யாணமான புதிதில். செல்லக்கிளியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மலைமலையாகச் சுற்றினான். சுற்றினானே தவிர உயரமாக எதிலும் ஏறமாட்டான். ஏறுவதெல்லாம் அவள், கீழே நின்று போனைப் பார்த்து இடம் வலம் சொல்வது இவன். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு உயரம் என்றால் கை கால் வெலவெலத்துப்போகும். இத்தனைக்கும் அவன் பார்த்த வேலை செல்போன் கோபுரத்தில் ஏறி ரிப்பேர் பார்க்கும் வேலை. வேலையை வாங்கிக் கொடுத்தது சோலையப்பன். மகன் கோபுரத்தின் மூன்றாவது படியில் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான் என்று காண்ட்ராக்டர் சொல்லியனுப்பிய அன்று, டீக்கடையில் நாலு பேர் இருக்க அவர் சொன்னார்: “ஏண்டா, தாலுகாவுல இருக்குற அத்தன கரட்டுலயும் வெறுங்கால்ல ஏறி அளந்தவன்டா நான். எனக்குப் பெறந்தவனா நீ? ஒம் பொண்டாட்டியத் தூக்கிக் கோபுரத்துல விடு, அவ பாத்துட்டு வரட்டும் ரிப்பேரு.”

டீக்கடை சிரித்தது. தவமணியும் சிரித்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தன்னால் முடியவே முடியாது என்று அதுவரை தள்ளிவைத்திருந்த சொந்த ஊர் டப்பாவைத் தேடி, செல்லக்கிளியைக் கூட்டிக்கொண்டு சட்டிக்கரட்டில் ஏறினான்.

சரிவுவரை தவழ்ந்து போனான். விளிம்பில் அவள் முன்னால் நகர, அவளுடைய முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடியபடி, மூக்கு ஒழுக, பாறையில் முகத்தை உரசிக்கொண்டே இருபது அடியும் நகர்ந்தான். இடுக்குக்குள் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். நோட்டின் முதல் பக்கத்தில் நாலு மொழியில் எழுதியிருந்தது: எடுத்தால் வை. தவமணி ஓர் ஊதா நிறச் சீப்பை எடுத்து அவள் தலையில் செருகினான். பதிலுக்கு வைக்க ஒன்றும் இல்லை. ஏறும்போது கனக்கக் கூடாது என்று சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாவற்றையும் கீழே வண்டியிலேயே காலி செய்துவிட்டு வந்திருந்தான்.

“உங்ககிட்ட இருக்குறது பயம் ஒண்ணுதான்,” என்றாள் செல்லக்கிளி. “அத வச்சுட்டு வாங்க.”

தவமணி சிரித்தான், சிரிப்பு இருமலானது, இருமலோடு நாக்கின் அடியில் ஏதோ வந்து நின்றது, கையில் துப்பிப் பார்த்தான். புளியங்கொட்டை அளவுக்கு, சாம்பல் நிறத்தில், உள்ளே காற்றைத் தவிர ஒன்றுமில்லாததுபோல் கனமே இல்லாமல் இருந்தது. அவன் அதை டப்பாவில் வைத்து, நோட்டில் பெயரும் தேதியும் எழுதி, மூடியை அழுத்தி மூடிவிட்டு எழுந்தான். திரும்பி வரும்போது அவன் முன்னால் நடந்தான். பக்கவாட்டில் நகரவில்லை, நேராக நடந்தான், இரண்டு கையையும் கால்சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு, விசிலடித்துக்கொண்டு. செல்லக்கிளிக்கு அன்றைக்குச் சந்தோஷம்தான். அதையும் அவள் மறைக்காமல் சொல்வாள்.

மறுநாள் நூற்றைம்பது அடிக் கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்து தவமணி சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டதை மாவட்டமே பேசியது. சோலையப்பன் காதிலும் விழுந்தது. நாம் திட்டியதில் ரோஷம் வந்துவிட்டது பயலுக்கு என்று அவர் நினைத்துக்கொண்டார். இன்றுவரை அப்படித்தான் நினைக்க முயற்சி செய்கிறார்.

டப்பாவில் பயத்தை வைத்துவிட்டு வரலாம் என்ற விஷயம் பரவியபோது, செங்குளத்துப்பட்டி அதை எடுத்துக்கொண்ட விதத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஊருக்குப் புதிதாக ரேஷன்கடை வந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி எடுத்துக்கொண்டது. எத்தனை மணிக்குப் போக வேண்டும், வெறும் வயிற்றில் போக வேண்டுமா, மாதவிலக்கான பொம்பளைகள் போகலாமா, ஒரு வீட்டுக்கு எத்தனை பேர் என்று பேசித் தீர்த்துக்கொண்டு, முதலில் டீக்கடை காதர் ராவுத்தர் போய் இடிப் பயத்தை வைத்துவிட்டு வந்தார். அது தீக்குச்சித் தலை மாதிரி கந்தக வாடை அடித்ததாம். ஐப்பசி மழையில் வானம் பிளக்கிற மாதிரி இடிக்க, ராவுத்தர் கடைக்கு வெளியே தகரத்துக்கு அடியில் நின்று டீ ஆற்றினார்.

“என்ன ராவுத்தரே, உள்ள வாரும், தலையில விழுந்துறப் போகுது.”

“அது பாட்டுக்கு இடிக்குது, நான் பாட்டுக்கு ஆத்துறேன். ஒமக்குச் சீனி போடவா வேண்டாமா?”

பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். பாம்புப் பயம் ஈரக் கயிற்றுத் துண்டு மாதிரி இருந்தது. நாய்ப் பயம் வைத்த இடத்தில் நடுங்கிக்கொண்டே கிடந்தது. பூட்டிய அறைக்குள் மாட்டிக்கொள்ளும் பயம் அக்குள் சூட்டோடு இருந்தது. விளிம்பில் நகர முடியாதவர்கள் தங்கள் பயத்தை மூக்குப்பொடி டப்பாவில் துப்பிக் கொடுத்துவிட்டுப் பார்த்தார்கள். மேலே போய்த் திறந்தால் பொடி டப்பா காலியாக இருக்கும், கொடுத்துவிட்டவர் கீழே பழையபடி பயந்துகொண்டிருப்பார். ஆள் நேரில் போனால்தான் உண்டு. அதனால் தவமணி அவர்களை முதுகில் சுமந்தான். கண்ணைத் துண்டால் கட்டி, கழுத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, உப்பு மூட்டை தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்குப் பத்துப் பதினைந்து பேரை அந்த விளிம்பில் கொண்டுபோய்க் கொண்டுவந்தான். வடக்குத்தெரு முழுவதும் அவன் முதுகில் ஏறியிறங்கியது.

அங்கேதான் ஊர் ஒரு தப்புச் செய்தது. வேறெந்த ஊரும் செய்திருக்காது. டப்பாக்காரர்கள் எழுதிவைத்தது, எடுத்தால் வை. ஆனால் செங்குளத்துப்பட்டியில் ஒரு வழக்கம், பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்பு வந்தால் கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள், நாலு பச்சைமிளகாயோ ஒரு பிடி சீனியோ போட்டுத்தான் தருவார்கள். கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போகிறவரைப் பார்க்க அவர்களுக்குப் பொறுக்காது. ஆகவே வைத்தவர்கள் எல்லோரும் எடுத்தார்கள். முதலில் டப்பாவிலிருந்த பொம்மைகளையும் சாவிக்கொத்துகளையும் எடுத்தார்கள். அவை தீர்ந்ததும், இருப்பதிலேயே சின்னதாக, அடுத்தவர் வைத்துவிட்டுப் போன பயத்தில் ஒன்றைப் பொறுக்கி நாக்குக்கு அடியில் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். ராவுத்தர் மறுமுறை போய் யாருடையதோ பல்லிப் பயத்தை எடுத்துவந்து, கடைச் சுவரில் பல்லி ஓடினால் பெஞ்சின் மேல் ஏறி நின்றார். தேடி வந்த வெளியூர் வாத்தியார் ஒருவர் கடல் பயத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். அதற்குத்தான் கிராக்கி. கடல் இருநூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் கிடந்தது, அந்தப் பயத்தை வாங்கிக்கொண்டால் ஆயுசுக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. சுருளியம்மாளும் அவள் ஓரகத்தியும் அதற்காகக் குழாயடியில் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சண்டை போட்டார்கள்.

“ஏண்டி, நீ கடலப் பாத்திருக்கியாடி?”

“பாக்காததாலதான் கேக்குறேன். பயந்துக்கிட்டு நிம்மதியா இருப்பேன்ல?”

கடைசியில் சுருளியம்மாள் எடுத்தாள். எடுத்த நாளிலிருந்து கருவாடு வாங்குவதை நிறுத்திவிட்டாள்.

உயரத்துப் பயத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. எடுத்தால் அந்த விளிம்பில் எப்படித் திரும்பி வருவது? தவமணியுடைய அந்தச் சாம்பல் நிறக் கொட்டை டப்பாவின் மூலையில் அப்படியே கிடந்தது.

ஊரில் சில மாற்றங்கள் தெரிந்தன. தெருநாய்கள் பயமில்லாதவர்களை முகர்ந்து பார்த்து, முனகிக்கொண்டே விலகிப் போய்ப் படுத்தன. பெண்கள் கிணற்றுக் கட்டைச்சுவரில் உட்கார்ந்து தலை துவட்டினார்கள். பாம்புப் பயத்தை வைத்துவிட்டு வந்த பேச்சிமுத்து, வைக்கோல் படப்புக்குள் கிடந்த கண்ணாடிவிரியனைக் கயிற்றை எடுப்பதுபோல் எடுத்து ஓரமாகப் போட்டான். அது மறுபடி ஊர்ந்து வந்தது, மறுபடி எடுத்துப் போட்டான். மூன்றாவது முறை அது கடித்தது. கடித்த பிறகும் வைக்கோலைக் கட்டி முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். பாதி வழியில் போய்விட்டான்.

“பயப்படாமச் செத்தாரு,” என்று இழவு வீட்டில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

“பயப்படாமச் செத்தான்னா என்னய்யா அர்த்தம்?” என்றார் சோலையப்பன். “செத்தான். அம்புட்டுத்தான். இவனுக சும்மா கிடந்த தகர டப்பாவ சாமியாக்கி ஊரச் சாகடிக்கப் போறானுக.”

“மாமா, அப்ப ஒங்க மகன்?” என்று கேட்டான் ஒருவன்.

“எம் மகனுக்கு ரோஷம் வந்துச்சு. டப்பாவுல இருந்து வரல.”

அதற்குள் செல்லக்கிளிக்குப் பெண் குழந்தை பிறந்து எட்டு மாதமாகியிருந்தது. ஒரு சாயங்காலம் அவள் துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பினால், தவமணி தோட்டத்துக் கிணற்றின் கைப்பிடிச்சுவர் மேல் உள்பக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பிள்ளையை மேலே தூக்கிப்போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். பிள்ளை கெக்கலித்துச் சிரித்தது. கீழே அறுபதடியில் தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. செல்லக்கிளி கத்தவில்லை, கத்தினால் திரும்பிப் பார்ப்பானே என்று வாயைப் பொத்திக்கொண்டு நடந்து போய், பிள்ளை அவன் கைக்கு வந்த நேரம் பார்த்துப் பிடுங்கி, மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏன் இப்பிடி நடுங்குற? பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்?” என்றான் அவன். அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அந்த முகத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“போய் எடுத்துட்டு வாங்க.”

“எத?”

“வச்சுட்டு வந்ததத்தான். அது ஒங்களுக்குள்ள வர்ற வரைக்கும் பிள்ளையத் தொடக் கூடாது.”

தவமணி யோசித்தான். “எடுத்துருவேன். எடுத்தா திரும்பி வரணுமே கிளி. அந்த விளிம்புல.”

“நான் வர்றேன். முன்னாடி வந்த மாதிரி முந்தானையப் பிடிச்சுக்கிட்டு வாங்க.”

ஞாயிற்றுக்கிழமை போவதென்று முடிவாயிற்று. வீட்டில் இருந்த சோலையப்பனிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. நம்பாதவரிடம் என்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில், ஊர் முழுக்க நூறு நாள் வேலைக்குக் கண்மாய்க்குப் போயிருந்த நேரத்தில், சோலையப்பன் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு சட்டிக்கரட்டில் ஏறினார். வெறுங்காலோடு, முப்பது வருடப் பழக்கத்தில், யார் துணையும் இல்லாமல் விளிம்பில் நகர்ந்து போய் டப்பாவை எடுத்தார். திறக்கவில்லை. திறந்து பார்க்க அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தார். சாக்குக்குள் அது தேன்கூடு மாதிரி லேசாக அதிர்ந்துகொண்டிருந்ததை, வெயிலில் தன் கைதான் நடுங்குகிறது என்று எடுத்துக்கொண்டார். அடிவாரத்தில், தானே இருபது வருடத்துக்கு முன்னால் நட்ட ஒரு சர்வே கல்லின் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கை கழுவி, வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். டப்பா இல்லையென்றால் ஊர் இரண்டு நாள் தேடும், மூன்றாம் நாள் மறந்துவிடும். இதில் தப்பென்ன?

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ராவுத்தர் கடையில் உட்கார்ந்திருந்தார். மகனும் மருமகளும் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மேற்கே போவதைப் பார்த்தார். கூப்பிட்டிருக்கலாம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “டேய், அங்க ஒண்ணுமில்லடா, திரும்பு,” என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். போகட்டும், போய் வெறும் இடுக்கைப் பார்க்கட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டு இன்னொரு டீ சொன்னார்.

இதற்கு மேல் நடந்தது செல்லக்கிளி சொல்வது. இடுக்கில் டப்பா இல்லை. தவமணி போனை எடுத்துப் பார்த்தான். போன் இங்கேதான் என்றது, கொஞ்சம் தள்ளி என்றது, மறுபடி இங்கேதான் என்றது. பாறைக்குப் பக்கத்தில் அந்த அம்புக்குறி அப்படித்தான் ஆடும் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தாலும் அளவுக்காரன் மகன், எண் பொய் சொல்லாது என்று எண்ணத்தான் அவன் வளர்ந்த வீடு சொல்லிக்கொடுத்திருந்தது. “யாராச்சும் தள்ளி வச்சிருப்பாங்க கிளி, வளைவுக்கு அந்தப் பக்கமா காட்டுது, பாத்துட்டு வந்துர்றேன்,” என்றான். இடுக்கைத் தாண்டி யாரும் போனதில்லை. அங்கே விளிம்பு ஒரு பாதத்தின் அகலம்தான். “வேண்டாங்க, வந்துருங்க,” என்றாள். “பிள்ளையத் தூக்கணும்ல?” என்றான். அவன் நேராகத்தான் நடந்தான். வளைவில் கால் வைத்தான்.

“அப்புறம் அவரு கீழ இருந்தாரு,” என்பாள் செல்லக்கிளி.

ஏழு வருடத்தில் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் வளைவில் கால் வைத்தான் என்பதற்கும் கீழே இருந்தான் என்பதற்கும் நடுவில் அவள் ஒரு சொல்லும் வைத்ததில்லை. மற்றதெல்லாம் அங்குலம் அங்குலமாக வரும். அந்த இடம் மட்டும் தாவும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சோலையப்பன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் டப்பாவைத் தோண்டி எடுத்து, மந்தையில் ஊர் நடுவே கொண்டுவந்து வைத்தார். அவர்தான் எடுத்தார் என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரிசையாக வந்தார்கள். எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துப் பார்த்து, தன்னுடையது இல்லையென்றால் துடைத்துத் திரும்ப வைத்துவிட்டு, தன்னுடையது கிடைத்ததும் முகம் சுருங்கி, தோள் ஒடுங்கி, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அடுத்தவருடையதை வைத்திருந்தவர்கள் துப்பிக் கொடுத்தார்கள். சுருளியம்மாள் மட்டும் கடலைத் திருப்பித் தர மனமில்லாமல் வைத்துக்கொண்டாள். பேச்சிமுத்துவுடைய ஈரக் கயிற்றுத் துண்டை அவன் பெண்டாட்டி எடுத்து, வாயில் போடாமல், முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். வெயில் சாய்கிற நேரத்தில் டப்பாவில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது.

செல்லக்கிளி அப்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஊர் கலைந்தபிறகு அவள் சொன்னாள்: “டப்பாவ எடுத்தது நீங்க. வச்சுட்டு வாங்கன்னு சொன்னது நான், போய் எடுங்கன்னு சொன்னதும் நான். நான் எங்கப்பா வீட்டுக்குப் போகல மாமா. இங்கயே இருக்கேன்.” இருந்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை.

மிச்சமிருந்ததைச் சோலையப்பன் வேட்டி மடிப்பில் எடுத்துவந்து, ஒரு வாரம் அலமாரியில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு மத்தியானம் வீட்டில் ஆளில்லாதபோது நாக்குக்கு அடியில் போட்டுக்கொண்டார். அது ஒன்றுமில்லை, காய்ந்த ஏதோ ஒரு கொட்டை என்று நிரூபிக்கத்தான் போட்டுக்கொண்டார். அது கரைந்து போயிற்று. சாயங்காலம் மச்சுப்படியில் கால் வைத்தவருக்கு மூன்றாவது படியில் உள்ளங்கால் கூசி, பார்வை சுழன்று, சுவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அவர் ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டுவதில்லை. பஸ்ஸில் பாலம் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். ஆபீசில் சொல்லி, மேட்டு வேலையெல்லாம் வேறு ஆளுக்கு மாற்றிக்கொண்டார். திண்டுக்கல் டாக்டர் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று படம் எடுத்துக் காட்டினார். அந்தப் படத்தைச் சோலையப்பன் பத்திரமாக வைத்திருக்கிறார். கதையை நம்பிவிடுவோமோ என்று தோன்றும்போது எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

நம்பினால் என்ன ஆகும் என்று அவர் பலமுறை யோசித்திருக்கிறார். நம்பினால், மகன் தன் பயத்தைத் திரும்ப எடுக்கப் போனான், அதை எடுத்து மண்ணில் புதைத்தவர் அவர், ஆகவே கொன்றவரும் அவரே. நம்பாவிட்டால் அவர் ஒரு தகர டப்பாவை இடம் மாற்றிய ஆள், அவ்வளவுதான். கால் தவறுவது எவனுக்கும் நடக்கும். ஆனால் நம்பாவிட்டால் இன்னொன்றும் இருந்தது. மூன்றாவது படியில் கம்பியைக் கட்டிக்கொண்டு அழுத பிள்ளை, டீக்கடையில் அப்பன் சொன்ன சொல்லுக்காக நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு இரண்டு வருடம் நடித்த பிள்ளை, அந்த நூற்றுப்பத்து அடியையும் முழுசாகப் பயந்துகொண்டே போயிருப்பான். நூற்றுப்பத்து அடி விழ எவ்வளவு நேரமாகும் என்று ஆபீசில் ஒரு இளைய சர்வேயரிடம் கணக்குக்காகக் கேட்பதுபோல் கேட்டிருக்கிறார். இரண்டரை நொடி என்றான். இரண்டரை நொடியில் ஒருவன் எவ்வளவு பயப்பட முடியும் என்று அவன் சொல்லவில்லை. இப்போது மச்சுப்படியின் மூன்றாவது படியில் நிற்கும்போதெல்லாம் சோலையப்பனுக்கு அது தெரிகிறது.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஓர் ஆணும் பெண்ணும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்று வழி கேட்டார்கள். அந்த எண் இன்னும் இணையத்தில் கிடக்கிறதாம். “டப்பா இல்லைங்க. போகாதீங்க,” என்றாள் செல்லக்கிளி. ஏன் என்று கேட்டார்கள். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்து, சீப்பிலிருந்து ஆரம்பித்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சோலையப்பன் மாட்டுத்தொட்டி அருகே கயிறு முறுக்குவதுபோல் குனிந்திருந்தார். ராவுத்தர் வந்தார், கடல் வந்தது, பேச்சிமுத்து செத்தான், கிணற்றுச்சுவரில் பிள்ளை சிரித்தது, ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. வளைவில் கால் வைத்தார். அப்புறம் அவரு கீழ இருந்தாரு. வந்த பெண் மோர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கரட்டைப் பார்த்தாள். பிறகு அவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

செல்லக்கிளி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள். சோலையப்பன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார். எழுந்ததிலேயே லேசாகத் தலை சுற்றியது, தொட்டியைப் பிடித்துக்கொண்டார்.

“தாயி.”

அவள் நின்றாள்.

“நீ பின்னாலதான நின்ன. அவன் ஒன்னத் திரும்பிப் பாத்திருப்பான்ல?”

அவள் கையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின.

“மொகத்தப் பாத்திருப்பேல்ல? சொல்லு தாயி. விழுறப்ப அவன் பயந்தானா?”